பழமைக்கு என்ன விலை?



புதுமையை விற்போரைவிடப் பழமையை விற்போர் நல்ல ஆதாயம் காணும் காலம் இது. பித்தளைக் கூஜா, எனாமல் தட்டு, சுற்று எண்ணுடைய தொலைபேசி, மரத்தாலான அஞ்சறைப் பெட்டி, பன்னீர்ச் செம்பு ஆகியவை இன்று நகரத்து அங்காடிகளின் கண்ணாடிப் பேழைகளில் வீற்றிருக்கின்றன. கைப்பேசித் திரையிலும் அவற்றின் படங்கள் வரிசை வரிசையாக வருகின்றன. நிக்காஹ் அன்பளிப்பாகவும், புதுமனை புகுவோர்க்கு நினைவுப் பொருளாகவும் அவற்றை வாங்கிச் செல்வது நாகரிகமாகிவிட்டது.

இதனைக் குறைகூற இப்பகுதி எழுதப்படவில்லை. முன்னோர் புழங்கிய பொருள்மீது பற்றுக் கொள்வது நல்ல குணமே. ஆயினும், அந்தப் பற்று நம் பணத்தையும், உடல்நலத்தையும், சில வேளைகளில் மார்க்கப் பேணுதலையும் விலையாகக் கேட்டுவிடக் கூடாது. அதற்காகவே இவ்விளக்கம்.

மூன்று சொற்கள், மூன்று பொருள்கள்

இவ்வணிகத்தில் மூன்று சொற்கள் புழங்குகின்றன: ஆன்டிக், விண்டேஜ், ரெட்ரோ. கடைக்காரர்கள் மூன்றையும் ஒன்றுபோலவே சொல்லி விற்பர். வாங்குவோர் வேறுபடுத்தி அறிதல் வேண்டும்.

ஆன்டிக் என்பது மிகப் பழைய பொருள். நம் நாட்டுச் சட்டப்படி 100 ஆண்டுகளுக்குக் குறையாத பழமையுடைய கலைப் பொருளும், 75 ஆண்டுகளுக்குக் குறையாத பழமையும் வரலாற்று, இலக்கிய மதிப்பும் உடைய கையெழுத்துச் சுவடியும் இவ்வகையில் அடங்கும். விண்டேஜ் என்பது அவ்வளவு பழமையில்லாத, ஆனால் ஒரு தலைமுறைக்கு முன்னர் மெய்யாகவே செய்யப்பட்டுப் புழங்கிய பொருள். இச்சொல்லின் வேர் திராட்சை அறுவடையைக் குறிப்பது. எந்த ஆண்டின் மது என்று சொல்லப் பிறந்த சொல், இன்று நம் பாட்டிமாரின் சமையலறைப் பாத்திரங்கள்மேல் ஒட்டப்பட்டிருக்கின்றது! ரெட்ரோ என்பதோ, பழைய வடிவத்தில் இன்று செய்யப்பட்ட புதுப்பொருள்.

மூன்றாவது வகையை வாங்குவது இழுக்கன்று. புதிது என்று சொல்லி விற்றால் அது நேர்மையான வணிகமே. புதிய பித்தளைக்கு அமிலமூட்டிக் கறுப்பேற்றி, 80 ஆண்டுப் பழமை என்று சொல்லி விற்பதுதான் குற்றம்.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒருமுறை கடைத்தெருவில் தானியக் குவியலொன்றைக் கண்டு, அதனுள் கையை நுழைத்துப் பார்த்தார்கள். மேலே உலர்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருந்தது. மழையில் நனைந்ததென வணிகர் காரணம் கூறினார். நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்க வேண்டாமா என வினவிய அண்ணலார், ஏமாற்றுவோரைக் கடுமையாக எச்சரித்தார்கள். தானியத்தின் ஈரத்தை மறைப்பதற்கும் பாத்திரத்தின் வயதைக் கூட்டிச் சொல்வதற்கும் என்ன வேறுபாடு? ஆகவே, விற்போரிடம் வயதைக் கேட்பதற்கு நீங்கள் கூச்சப்பட வேண்டியதில்லை. ரசீதில் அதனை எழுதித் தரும்படியும் கேளுங்கள். மெய்யான வணிகர் எழுதித் தருவார். மற்றவர் பேச்சை மாற்றுவார்.

கண்ணாலும் ஓரளவு அறியலாம். மெய்யாகப் புழங்கிய பாத்திரம் கைபடும் இடத்திலும், தரையில் உரசும் அடிவிளிம்பிலும், மூடி வந்து அமரும் வாயிலும்தான் தேய்ந்திருக்கும். எங்கும் ஒரே சீராகக் கறுத்திருந்தால் ஐயுறுங்கள். மரப்பெட்டியானால் கவிழ்த்து அடிப்பாகத்தையும் இழுப்பறையின் உட்புறத்தையும் பாருங்கள். நான்கு முனைத் திருப்புளிக்குரிய கூட்டல் குறித் தலையுடைய திருகாணிகள் 1930களில்தான் உலகச் சந்தைக்கு வந்தன. நூறாண்டுப் பெட்டி என்று சொல்லப்படுவதில் அவை இருந்தால், பெட்டி புதியதாகவோ, பின்னர் பழுது பார்க்கப்பட்டதாகவோ இருக்கும்.

பரணில் இருந்ததும் பறந்து போனதும்

சங்கரன்கோவிலை அடுத்த திருவேங்கடம் கரிசல் மண் சூழ்ந்த ஊர். 2019-ஆம் ஆண்டு நவம்பரில் பிறந்த தென்காசி மாவட்டத்தில் அதுவும் ஒரு வட்டத் தலைநகர். வானம் பார்த்த வேளாண்மையையும், தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களையும் நம்பி வாழும் இத்தகைய ஊர்களில் பழம்பொருள் அங்காடி எங்கே என்று தேடிப் பயனில்லை. ஆனால், நகரத்து அங்காடிகளில் இன்று அடுக்கப்பட்டுள்ளவை இத்தகைய ஊர்களின் பரண்களிலிருந்து சென்றவையே என்பதை எண்ணிப் பாருங்கள்.

பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் என்று தெருவில் கூவி வந்த குரல் உங்களுக்கு நினைவிருக்கலாம். அவரைத் தொடர்ந்து, பழைய பித்தளைக்கும் வெண்கலத்துக்கும் எவர்சில்வர் தருவோர் வந்தனர். துலக்கப் புளி வேண்டாம், களிம்பு ஏறாது, கனமும் இல்லை. நம் தாய்மார் அகமகிழ்ந்து அண்டாக்களையும் குத்துப்போணிகளையும் எடைக்குப் போட்டனர். அன்றாட வேலைச் சுமை குறைந்த அந்த மகிழ்ச்சியை நாம் பழிக்க முடியாது. எனினும், எடைக்குப் போனது உலோகம் மட்டுமன்று. பாத்திரத்தில் பெயர் வெட்டி வைப்பது நம் வழக்கம். கொடுத்தவர் பெயர், கொண்டவர் பெயர், சில வேளைகளில் ஹிஜ்ரி ஆண்டும் அதில் இருக்கும். இன்று கடைகளில் அப்பெயர் வெட்டிய பாத்திரங்களுக்கு விலை கூடுதல்! அடுத்த வீட்டு உம்மாவின் பெயரைப் பணம் கொடுத்து வாங்கி, நம் வரவேற்பறையில் வைக்கின்றோம்.

காரைக்குடியின் முனீஸ்வரன் கோயில் தெருவுக்குச் சென்றவர்கள் இதனை நேரில் கண்டிருப்பர். 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமானபோது அங்குச் செல்வம் இழந்த நகரத்தார் பலரின் மாளிகைகள் பின்னாளில் பராமரிப்பின்றிப் பிரிக்கப்பட்டன. பர்மாத் தேக்குக் கதவுகளும், எனாமல் தட்டுகளும், பீங்கான் சாடிகளும் அத்தெருவின் கடைகளை நிறைத்தன. மும்பையின் சோர் பஜாரில் மட்டன் தெருவும், கொச்சி மட்டாஞ்சேரியின் யூதத் தெருவும் இத்தகையவையே. ஓரிடத்தின் வீழ்ச்சி மற்றோரிடத்தின் அலங்காரமாகின்றது.

நம் மாவட்டத்துக்கும் இத்தகைய வரலாறு உண்டு. கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் பிழைக்கச் சென்ற நம்மவர்கள் பலர். அவர்கள் திரும்புகையில் கொணர்ந்த பூப்போட்ட எனாமல் தட்டும், அடுக்கு டிபன் கேரியரும் இன்றும் சில வீட்டுப் பரண்களில் உறங்குகின்றன. கடைக்குப் புறப்படுமுன் பரணில் ஏறிப் பாருங்கள். நீங்கள் விலை கொடுத்து வாங்க எண்ணும் பழமை உங்கள் வீட்டிலேயே இருக்கக்கூடும்!

பங்கு யாருக்கு?

இங்கே மார்க்கம் சார்ந்த ஒரு கேள்வி எழுகின்றது; பலரும் இதனைக் கவனிப்பதில்லை. மௌத்தானவரின் நிலத்தையும் நகையையும் ஷரீஅத் முறைப்படி பங்கிடும் குடும்பங்கள்கூட, பாத்திரம் பண்டங்களை அவ்வீட்டில் தங்கியவரிடமே விட்டுவிடுகின்றன. பழைய பாத்திரத்துக்கு என்ன பெரிய விலை என்னும் எண்ணமே காரணம். விட்டுச் சென்ற பொருள் சிறிதாயினும் பெரிதாயினும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் அதில் பங்குண்டு என்பது திருமறையின் தெளிவான போதனை. எடைக்கு விற்றால் சில நூறு ரூபாய் பெறும் வெண்கலப் பானை, பழம்பொருள் வணிகரிடம் பல ஆயிரம் பெறலாம். மரப்பெட்டியும் பன்னீர்ச் செம்பும் அவ்வாறே.

ஆகவே, உம்மாவின் பாத்திரத்தை விற்குமுன் மற்ற வாரிசுகளின் ஒப்புதலைப் பெறுங்கள். மணமாகி வேற்றூரில் வாழும் சகோதரியை மறந்துவிடாதீர்கள். வாரிசுகளில் அநாதைச் சிறுவர் இருப்பின் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். அவர்களின் பங்கை விட்டுக்கொடுக்கும் உரிமை நமக்கில்லை. விற்பதைவிட மேலான வழியும் உண்டு. பிள்ளைகளுக்குள் மனமொப்பி, ஆளுக்கொரு பொருளாக எடுத்துக்கொள்ளலாம். பணம் செலவாகிவிடும், பாத்திரம் பேசிக்கொண்டிருக்கும்.

பள்ளிவாசல்களிலும் தர்காக்களிலும் உள்ள பழைய விளக்குகள், சுவடிகள், மரவேலைப்பாடுகள் ஆகியவை வக்ஃபுச் சொத்துகள். பழுதாகிவிட்டதென்று கூறி நிர்வாகியோ முத்தவல்லியோ தம் விருப்பப்படி விற்க இயலாது. கிழிந்த அரபுத் தமிழ் ஏடுகளையும் கண்ணியமாகப் புதைத்துவிடுகிறோம் என்று அவசரப்பட வேண்டாம். அவற்றுள் நம் முன்னோரின் மருத்துவக் குறிப்பும், மார்க்கச் சட்டமும், பெண்களுக்கென எழுதப்பட்ட பாடல்களும் இருக்கலாம். முதலில் அறிந்தவரிடம் காட்டிப் படமெடுத்துப் பாதுகாத்தல் நலம்.

அழகு வேறு, அடுப்பு வேறு

சகோதரிகளே! வாங்கிய பழம்பொருளைக் காட்சிக்கு வைப்பது வேறு. அதில் உண்பது வேறு. இதில் தவறினால் குழந்தைகளே முதலில் பாதிக்கப்படுவர்.

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். புளி, எலுமிச்சை, தயிர் போன்றவை பட்டால் களிம்பு கரைந்து உணவில் கலக்கும். அதனாலேயே பித்தளைப் பாத்திரத்தின் உட்புறத்தில் ஈயம் பூசினர். பாத்திரத்தைச் சூடேற்றி, நவச்சாரம் தூவி, உருகிய ஈயத்தைப் பஞ்சால் தேய்த்துப் பரப்புவது அவ்வேலை. பூச்சு தேய்ந்து உள்ளே மஞ்சள் தெரிந்தால் மீண்டும் பூசியாக வேண்டும். பூசுவோர் இன்று அருகிவிட்டனர். பூச்சில்லாத பழம் பாத்திரத்தில் சமைப்பதைத் தவிர்த்திடுங்கள்.

ஈயம் என்னும் சொல்லிலேயே ஒரு மயக்கம் உள்ளது. வெள்ளீயம் வேறு, காரீயம் வேறு. ரசத்துக்கு மணமூட்டும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. காரீயமோ நஞ்சு, சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. விலை குறைக்க வெள்ளீயத்தில் காரீயம் கலப்போர் உளர். வெள்ளீயம் வெள்ளிபோல் வெளிறிய நிறமுடையது. வளைத்தால் மெல்லிய நெறுநெறுப்பு ஒலி எழும். காரீயம் நீலம் பாய்ந்த சாம்பல் நிறமும் மிகுந்த கனமும் உடையது. வெள்ளைத்தாளில் தேய்த்தால் கறுப்புக் கோடு விழும். எனினும், கலப்படத்தை இத்தகைய சோதனைகளால் மட்டும் உறுதி செய்ய இயலாது. ஐயம் இருப்பின் அலமாரியில் வைத்துக்கொள்ளுங்கள், அடுப்பில் வேண்டாம். நல்ல ஈயச் சொம்பையும் வெறுமையாக அடுப்பில் ஏற்றாதீர்கள். வெள்ளீயம் 232 பாகை செல்சியஸிலேயே உருகிவிடும். நீரை ஊற்றிய பின்னரே ஏற்ற வேண்டும்.

அழகுக்கென வார்க்கப்படும் பித்தளைப் பொருள்களில் வார்ப்பு எளிதாக அமைவதற்காகக் காரீயம் சேர்ப்பதும் உண்டு. எனவே, காட்சிக் கிண்ணத்தில் பேரீச்சம்பழம் வைக்கலாமே என்று எண்ணாதீர்கள். சிப்பு விட்ட எனாமல் தட்டிலும், பழைய வண்ணப் பூச்சுடைய பீங்கானிலும் புளிப்பான உணவை வைக்க வேண்டாம். அவ்வண்ணங்களில் காரீயமும் காட்மியமும் இருந்திருக்க வாய்ப்புண்டு.

மார்க்கமும் சட்டமும் வரையும் எல்லை

பொன், வெள்ளிப் பாத்திரங்களில் உண்பதும் பருகுவதும் ஆண், பெண் இருபாலார்க்கும் தடுக்கப்பட்டுள்ளது. மதாயின் நகரில் நபித்தோழர் ஹுதைஃபா (ரலி) அவர்கள் தண்ணீர் கேட்டபோது வெள்ளிக் கிண்ணத்தில் கொணரப்பட்டது. முன்னரே தடுத்திருந்தும் கேளாததனால், அவர்கள் அக்கிண்ணத்தை வீசிவிட்டதாக ஹதீஸ் கூறுகின்றது. ஆகவே, வெள்ளித் தம்ளரும் வெள்ளித் தட்டும் அன்பளிப்பாகக் கொடுக்கும் வழக்கத்தை நாம் மீண்டும் சிந்திக்க வேண்டும். பரம்பரையாக வீட்டில் இருக்கும் வெள்ளிப் பன்னீர்ச் செம்பு போன்றவற்றைப் பயன்படுத்துவது குறித்தும், அவற்றுக்குரிய ஜகாத் குறித்தும் உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளியுங்கள். வெள்ளிக்கு ஜகாத் கடமையாகும் அளவு 200 திர்ஹம். இன்றைய கணக்கில் ஏறத்தாழ 600 கிராம்.

பிற சமயத்தாரின் வழிபாட்டுச் சிலைகளும் இச்சந்தையில் கலைப்பொருள் என்னும் பெயரில் உலவுகின்றன. உருவச் சிலையை இல்லத்தில் வைத்தல் நமக்கு ஆகாது. அதனினும் மேலாக, அது ஏதேனும் ஒரு கோயிலிலிருந்து களவு போனதாக இருக்கலாம். சிலைத் திருட்டுக்கென்றே 1983-இல் தமிழகக் காவல்துறை தனிப்பிரிவு அமைத்ததென்றால், அக்களவின் அளவை உணரலாம். அண்டை அயலாரின் புனிதப் பொருளைக் கள்ளத்தனமாக வாங்கி மகிழ்வது முஸ்லிமுக்கு அழகன்று.

யானைத் தந்தத்தில் செய்த பெட்டியும் பிடியும் வேண்டவே வேண்டாம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1986, 1991 திருத்தங்களும் தந்த வணிகத்தை முற்றிலும் தடைசெய்துள்ளன. பழையது என்பது அதற்கு விலக்கன்று.

வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் உறவினர் உடையோர் மற்றொன்றையும் அறிய வேண்டும். 1972-இல் இயற்றப்பட்டு 1976 ஏப்ரல் 5 முதல் நடைமுறையில் உள்ள தொல்பொருள் சட்டப்படி, 100 ஆண்டைக் கடந்த கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டு செல்ல இயலாது. அன்போடு கொடுத்தனுப்பும் பழம்பாத்திரம் விமான நிலையத்தில் சிக்கலை உண்டாக்கிவிடும். தொல்பொருளன்று என்னும் சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறை வழங்குகின்றது. மதிப்புமிக்க பொருளாயின் அதனைப் பெற்ற பின்னரே அனுப்புங்கள்.

அன்பளிப்புக்கு அருகிலேயே ஒன்று

பழமையின் அழகும் வேண்டும், ஏமாற்றும் கூடாது, உண்ணும் பாத்திரத்தில் நஞ்சும் கூடாது, கொடுப்பது பயன்படவும் வேண்டும். இத்தனைக்கும் பொருந்தும் அன்பளிப்பு ஏதேனும் உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. நெல்லையிலிருந்து அம்பாசமுத்திரம் செல்லும் சாலையில், சேரன்மகாதேவியை அடுத்துப் பத்தமடை என்னும் ஊர் இருக்கின்றது.

அவ்வூரின் பாய் உலகறிந்தது. புவிசார் குறியீடும் பெற்றது. அதனை நெய்வோர் பெரும்பாலும் நம் சமுதாயப் பெண்களே என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? தாமிரபரணிக் கரையில் விளையும் கோரையைப் பசுமையாக அறுத்துக் கீறி, வெயிலில் உலர்த்தி, ஓடும் நீரில் நாள்கணக்கில் ஊறவைத்து, மீண்டும் உலர்த்தி, நூல்போல் மெல்லியதாகக் கிழித்தெடுப்பர். பருத்தி நூலைப் பாவாகவும் கோரையை ஊடையாகவும் வைத்து, தரையோடு அமைந்த தறியில் குனிந்தமர்ந்து கையால் கோத்து நெய்வர். நூறு எண்ணுக்கு மேற்பட்ட உயர்ரகப் பட்டுப்பாய் துணிபோல் குழைந்து மடியும். அத்தகைய ஒரு பாயை முடிக்க வாரங்கள், சில வேளைகளில் மாதங்களே ஆகும். முற்காலத்தில் சிவப்புக்குப் பதிமுகக் கட்டையின் சாயத்தையே இட்டனர். மணமக்களின் பெயரையும் திருமண நாளையும் பாயிலேயே நெய்து தருவது அவ்வூரின் தனிச்சிறப்பு.

ஆனால், பிளாஸ்டிக் பாயும் எந்திரப் பாயும் மலிந்த சந்தையில், முதுகொடிய நெய்தவளுக்குக் கூலி எஞ்சுவதில்லை. தாய் நெய்த தறியில் மகள் அமர விரும்புவதில்லை. அவளைக் குறைகூறவும் முடியாது. பழம்பொருள் அங்காடியில் உயிரற்ற பொருளுக்கு ஆயிரக்கணக்கில் கொட்டிக்கொடுக்கும் நாம், உயிரோடிருக்கும் பழமைக்கு நூறு ரூபாய் பேரம் பேசுகின்றோம். நாளை பத்தமடைத் தறிகள் ஓய்ந்துவிட்டால், அதே பாய் கண்ணாடிப் பேழைக்குள் ஆன்டிக் என்னும் பெயரோடு வந்து அமரும். அன்று அதன் விலை உயரும். நெய்த கரத்துக்கு அதில் ஒரு காசும் சேராது.

ஈச்ச ஓலைப் பாயில் படுத்திருந்த அண்ணலாரின் திருமேனியில் அதன் வடு பதிந்திருக்கக் கண்டு உமர் (ரலி) அவர்கள் கண்ணீர் விட்டார்கள் என்பது நாம் அறிந்த வரலாறு. அரசர்களின் பட்டு மெத்தையை அண்ணலார் விரும்பவில்லை. பாய் நமக்கு அந்நியப் பொருளன்று. மணமக்களுக்குப் பெயர் நெய்த பாயையோ, தொழுகைக்கு ஒரு சிறு பாயையோ அளித்துப் பாருங்கள். இன்ஷா அல்லாஹ், அவர்கள் இல்லத்தில் பரக்கத்தாக நிலைத்திருக்கும். உயர்ரகப் பாய்க்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். நிக்காஹ் நாள் குறித்தவுடன் நெய்வோரிடமோ அவர்களின் கூட்டுறவுச் சங்கத்திடமோ சொல்லிவிடுங்கள். கடைசி வாரத்தில் ஓடாதீர்கள்.

அதே வழியில் காருகுறிச்சி மண்பாண்டங்களுக்குப் பெயர் பெற்றது. தென்காசி, நெல்லை இடையே ஓடும் இரயில் அங்கேயும் நிற்கும். நல்ல மண்சட்டி ஒன்று, கறுப்பேற்றிய போலிப் பித்தளையைவிட எவ்வளவோ மேலான அன்பளிப்பு.

முடிவாக ஒரு சொல்

அண்ணலார் பருகிய மரக்கோப்பை ஒன்று அனஸ் (ரலி) அவர்களிடம் இருந்தது. அது விரிசல் கண்டபோது வெள்ளியால் பிணைக்கப்பட்டிருந்தது. அதன் இரும்பு வளையத்தை மாற்றிப் பொன்னாலோ வெள்ளியாலோ வளையமிட அனஸ் (ரலி) எண்ணியபோது, அபூதல்ஹா (ரலி) அவர்கள் தடுத்தார்கள். அண்ணலார் வைத்திருந்தபடியே இருக்கட்டும் என்றார்கள். பழையதைப் பேணும் முறை முழுவதும் இந்நிகழ்ச்சியில் அடங்கியிருக்கின்றது. உடைந்ததைத் தூக்கியெறியாதீர்கள், பழுது பாருங்கள். பழுது பார்க்கும்போது அதன் இயல்பை மாற்றாதீர்கள். பளபளப்புக்காக அமிலம் ஊற்றிப் பெயர் வெட்டிய எழுத்தை அழித்துவிடாதீர்கள். புளியும் சாம்பலும் போதும்.

வாங்கும் ஆசை எழும்போது முதலில் பரணைப் பாருங்கள். அடுத்து, இருப்பதைப் பழுது பார்க்க முடியுமா என்று எண்ணுங்கள். பிறகு, இன்றும் கையால் செய்வோரிடம் செல்லுங்கள். இவற்றுக்கெல்லாம் பின்னரும் தேவை இருந்தால் மட்டும் பழம்பொருள் கடையின் படியேறுங்கள். ஏறியபின் கேட்க வேண்டியதைக் கேளுங்கள். வீண் விரயம் செய்வோரை அல்லாஹ் நேசிப்பதில்லை என்பதை நினைவிற் கொண்டால், தேவைக்கும் ஆடம்பரத்துக்கும் இடையிலுள்ள கோடு தானே தெரியும்.

நம் பாட்டிமார் பழமையை வாங்கவில்லை. நல்ல பொருளை வாங்கி நெடுநாள் பேணினர். அதுவே பழமையாயிற்று. நாம் இன்று வாங்கும் பொருளும் நம் பேரப்பிள்ளைகளின் கைக்கு அவ்வாறே சென்றடைய வல்ல நாயன் அருள்புரிவானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.